தாளில் டிக், குழாயில் வேறு வாயு

மணவூரில் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டால், திருவள்ளூருக்கோ அரக்கோணத்துக்கோ மின்சார ரயில் ஏறுவார்கள். சிக்கலான கேஸ் என்றால் சென்னை. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எங்கே போனாலும் வீட்டார் விசாரிப்பது, கத்தி வைக்கிற டாக்டர் கைராசிக்காரரா என்பதைத்தான். மயக்க மருந்து டாக்டர் யார் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

பல தியேட்டர்களில் உள்ளே இருப்பவர்களுக்கே ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைக்கும் முன் அனைவரும் பெயரும் பொறுப்பும் சொல்லவேண்டும் என்கிறது. மயக்கம் கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், தியேட்டரைவிட்டு வெளியேறும் முன் என மூன்று கட்டங்கள். மொத்தம் 19 அம்சங்கள். செலவு ஒரு தாள்.

டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. உலகமே பட்டியலைக் கையில் எடுத்தது. ஆனால் 2014-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தபோது, இறப்பு 0.71-இலிருந்து 0.65 ஆனதோடு சரி. புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க மாற்றமே இல்லை. இத்தனைக்கும் பட்டியலை 92 சதவீதத்துக்கும் மேல் பின்பற்றியதாக அந்த மருத்துவமனைகளே சொல்லியிருந்தன. டிக் விழுந்திருக்கிறது, பேச்சு நடந்திருக்காது என்று சந்தேகப்பட இடமுண்டு. பெரிய டாக்டரைப் பார்த்து “சார், கொஞ்சம் நில்லுங்க” என்று ஒரு செவிலியரால் சொல்ல முடியாத இடத்தில் எந்தப் பட்டியலும் படிவம்தான்.

பேச்சு நடந்தாலும் பிடிபடாத பிழைகள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011-இல், அரசு மருத்துவமனையில் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்பட்டது. கோமாவுக்குப் போனவர் மறு ஆண்டு இறந்தார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2018-இல் 28 லட்சம் ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இப்படி நடக்கக்கூடாது என்றுதான் சிலிண்டர்களுக்கு வெவ்வேறு நிறம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாதபடி ஊசிமுனை அமைப்பு. சுவருக்குப் பின்னால் குழாய் மாறியிருந்தால் இரண்டும் பயன்படாது. மயக்க மருந்து இயந்திரம் சோதிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு நேர்மையாகவே ‘ஆம்’ என்று எழுதியிருக்கலாம். அங்கே உதவுவது, நோயாளி இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நேரடியாக அளக்கும் கருவி. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதிலும் ஒரு வில்லங்கம்: கருவி காட்டத் தவறிய ஆக்சிஜன் குறைவு, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருத்த தோல் நிறைந்த நம் ஊரில் இதை யாரோ தூரதேசத்தார் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

பட்டியலின் பெரிய குறையை 2022 நவம்பரில் சென்னை பார்த்தது. பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட மாணவியின் காலில், இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தியது. காலை எடுத்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. இரு மருத்துவர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் 19 அம்சங்களில் கடைசியும் தியேட்டர் வாசலோடு முடிந்துவிடுகிறது. கால்விரல் சூடாக இருக்கிறதா, நிறம் மாறுகிறதா, வலி ஏன் கூடுகிறது என்று வார்டில் இரவு முழுக்கப் பார்க்கவேண்டியவருக்கு அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை. உள்ளூர்த் தேவைக்கேற்ப அம்சங்களைச் சேர்த்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனமே இடம் கொடுத்திருக்கிறது. நேரமும் கையெழுத்தும் கேட்கும் நான்காவது கட்டம் ஒன்றை வார்டுக்கென்று சேர்ப்பதற்குத் தடை ஏதுமில்லை.