வட்டத்துக்குள் மறையும் இன்னொரு ஆரம்

ஈர்ப்பியல் பாடத்தின் கணக்குகளில் நிலவும் கோள்களும் துணைக்கோள்களும் ஏறத்தாழ எப்போதும் வட்டத்தில்தான் சுற்றுகின்றன. பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் விதியைச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அதை வட்டமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு பக்கம் ஈர்ப்பு விசை, மறுபக்கம் வட்ட இயக்கத்துக்கு வேண்டிய மையநோக்கு விசை; இரண்டையும் சமப்படுத்தினால் வேகமும் சுற்றுக்காலமும் கெப்ளரின் மூன்றாம் விதியும் சில வரிகளில் கிடைத்துவிடும். இந்த எளிமையாக்கம் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தருவது சிறிதன்று. வட்டத்தில் செல்லும் பொருளின் முடுக்கம், வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் வரும் என்ற முடிவுக்கான அடித்தளத்தை 1673இல் ஹைகன்ஸ் வெளியிட்டார். இதனோடு கெப்ளரின் மூன்றாம் விதியைச் சேர்த்தால், விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைய வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும். எட்மண்ட் ஹாலி இவ்வழியில்தான் அந்த விதியை எட்டினார். நிலா, பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது, 27.3 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. பூமியின் ஆரம் தெரிந்தால், இந்த இரண்டு எண்களிலிருந்தே அதன் முடுக்கம் 0.0027 மீ/வி² என்று கிடைக்கும். தரையில் விழும் பொருளின் முடுக்கமான 9.8ஐ 60இன் இருமடியால் வகுத்தாலும் அதே எண். மரத்திலிருந்து விழும் காயையும் வானத்து நிலாவையும் ஒரே விதிக்குள் கொண்டுவரும் இந்தச் சோதனையைப் பள்ளி மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்க முடிவது வட்டத்தால்தான். நீள்வட்டத்தில் தொடங்கினால் நுண்கணிதம் கற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஹாலியும் அங்கேயே தடைப்பட்டார். அந்த விதி எந்த வடிவப் பாதையைத் தரும் என்பதை வட்டத்தால் சொல்ல முடியவில்லை. 1684இல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போய் நியூட்டனிடம் கேட்ட கேள்வி அதுவே. நீள்வட்டம் என்று நியூட்டன் விடை சொன்னார்.

வட்டம் என்பது பொய் வடிவம் என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறை பாதிதான் சரி. பூமியின் பாதையை 10 செ.மீ. அரை நெட்டச்சு கொண்ட படமாக வரைந்தால், அதன் குறுகிய அரையச்சு அதைவிட 0.014 மி.மீ. மட்டுமே சிறியது, பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். சூரியனோ மையத்திலிருந்து 1.7 மி.மீ. தள்ளி நிற்கும். செவ்வாய்க்கு இதே அளவுப் படத்தில் வடிவ வேறுபாடு அரை மி.மீ.கூட இல்லை, சூரியனின் விலக்கம் 9 மி.மீ.க்கு மேல். ஆக, பிழை வட்டம் வரைவதில் இல்லை, சூரியனை அதன் நடுவில் வைப்பதில் இருக்கிறது. பூமியின் பாதையை முட்டை போல நீட்டி வரையும் படங்கள் இன்னும் பெரிய தீங்கு செய்கின்றன. சூரியனை நெருங்குவதால்தான் கோடை வருகிறது என்ற தவறான எண்ணத்தை அவை வளர்க்கின்றன. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கி.மீ. தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், மார்கழிக் குளிரில்.

ஆழமான குறை சமன்பாட்டுக்குள் இருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் ஆரத்துக்கு ஒரே எழுத்துத்தான் எழுதப்படுகிறது. ஆனால் அவை இரண்டு வெவ்வேறு அளவுகள். ஈர்ப்பு விசையில் வருவது ஈர்க்கும் பொருளுக்கு உள்ள தொலைவு. மையநோக்கு விசையில் வருவது பாதை அந்த இடத்தில் எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் வளைவு ஆரம். ஈர்க்கும் பொருள் நடுவில் அசையாமல் நிற்கும் வட்டத்தில் மட்டும் இரண்டும் எங்கும் ஒன்றாகின்றன. மாணவர் அந்தத் தற்செயலை விதியாகவே மனத்தில் பதித்துக்கொள்கிறார்.

அதன் விளைவு துணைக்கோள் கணக்கில் வெளிப்படும். 300 கி.மீ. உயர வட்டப் பாதையில் வேகம் வினாடிக்கு 7.73 கி.மீ.; 35,786 கி.மீ. உயரத்துப் புவிநிலைப் பாதையில் 3.07 கி.மீ. இதைப் படிப்பவருக்கு, மேலே போக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நடப்பது நேர்மாறு. முதலில் வேகத்தை 10.15 ஆகக் கூட்ட வேண்டும். அப்போது துணைக்கோள் நீள்வட்டத்தில் ஏறி, ஏறும்போதே வேகம் இழந்து, உச்சியில் 1.61க்கு வந்துவிடும். அங்கே மீண்டும் தள்ளினால்தான் 3.07 ஆகும். இரண்டு முறை முன்னோக்கித் தள்ளியும் கடைசியில் வேகம் குறைகிறது. விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்தாக இருக்கும் வட்டத்தால் இந்த இழப்பை விளக்கவே முடியாது. 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3, பூமியைப் பலமுறை நீள்வட்டத்தில் சுற்றி, ஒவ்வொரு முறையும் உச்சியை உயர்த்திக்கொண்டு ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. அந்த நாற்பது நாள் பயணத்தை வட்டம் மட்டும் கற்ற மாணவர் செய்தியாகக் கேட்கலாம், கணக்காகப் புரிந்துகொள்ள இயலாது.

இரு பொருள்களும் ஒன்றையொன்று சுற்றும்போதும் இதே குழப்பம் எழும். புளூட்டோவும் அதன் துணைக்கோள் கேரனும் 19,600 கி.மீ. இடைவெளியில் ஒரு பொதுமையத்தைச் சுற்றுகின்றன. ஈர்ப்பில் அந்த முழு இடைவெளியும் வரும்; கேரனின் வட்ட ஆரமோ அதைவிடச் சிறியது. பாதை முழு வட்டமாக இருந்தும் இங்கே ஒரே எழுத்து தவறான விடை தரும்.

எனவே வட்டத்தைக் கைவிடுவது தேவையில்லை; இரண்டு அளவுகளுக்கும் முதல் நாளிலேயே இரண்டு எழுத்துகள் வேண்டும். அதன் பயன் உடனே தெரியும். நீள்வட்டத்தின் அண்மைப்புள்ளியில் விசை வேகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் பழைய சமன்பாடு அப்படியே செல்லும். வளைவு ஆரம் மட்டும் தொலைவைவிடப் பெரியது. எத்தனை மடங்கு என்றால், ஈர்க்கும் பொருள் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் காட்டும் மையத்தொலைத் தகவை ஒன்றோடு கூட்டினால் வரும் மடங்கு. மேலே சொன்ன ஏறுபாதையில் தகவு 0.727, தொலைவு 6,678 கி.மீ., வளைவு ஆரம் 11,530 கி.மீ. வேகம், வட்ட வேகமான 7.73ஐ 1.727இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் 10.15. தகவு ஒன்றை எட்டும்போது பெருக்கும் எண் இரண்டின் வர்க்கமூலம் ஆகிறது. பாதை மூடாமல் திறந்துகொள்கிறது. அப்போது கிடைக்கும் வினாடிக்கு 10.9 கி.மீ. அந்த உயரத்தின் விடுபடு வேகம்.