விருந்தும் விலங்கும்

பொன் தட்டு! வெள்ளிக் கரண்டி! ஒவ்வோர் இருக்கைக்கும் நேரே அணிவகுத்து நிற்கும் கண்ணாடிக் கிண்ணங்கள்! நாற்காலிக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியைக்கூட அளந்து வைத்திருக்கிறார்கள். பரிமாறுவோர் எப்போது நுழைவது, எப்போது நிற்பது என்பதை வண்ண விளக்குகள் சொல்கின்றன. வேற்று நாட்டுத் தலைவருக்குப் பிரிட்டன் முடியரசு அளிக்கும் அரசு விருந்தின் காட்சி இது. அரங்க அமைப்பிலே குறை சொல்ல இடமில்லை. நாடகம் எப்படி? அதைத்தான் ஆராய விழைகிறோம்.

எந்த நாடகத்துக்கும் ஆசிரியன் உண்டு. இதன் ஆசிரியர் முடி சூடியவர் அல்லர். யாரை அழைப்பது என்று முடிவு செய்வது அமைச்சரவை. அழைப்பு மட்டும் அரண்மனையின் பெயரால் போகும். அரசர் நடிகர், எழுதித் தந்ததை நடிப்பவர். 1978-ஆம் ஆண்டில் உருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்குவை எலிசபெத் அரசியார் பக்கிங்காம் அரண்மனையில் தங்கவைத்து, உயர்ந்த விருதும் அளித்தார். வானூர்தி வாணிகம் பேசப்பட்ட நேரம் அது! 1989 டிசம்பரில் அந்தச் சர்வாதிகாரி சுட்டுக் கொல்லப்படுவதற்கு முதல் நாள் விருது பறிக்கப்பட்டது. 1996-இல் அதே அரசியார் நெல்சன் மண்டேலாவுக்கும் விருந்தளித்தார். மண்டேலாவுக்கும் மக்களை வதைத்தவனுக்கும் ஒரே மரியாதை, ஒரே இசை முழக்கம்! இதிலே பெருமையை எங்கே தேடுவது?

திருப்பூரில் வாழும் நமக்கு இது புரியாத கலை அன்று. வெளிநாட்டுப் பையர் வருகிறார் என்றால், பனியன் கம்பெனிச் சுவருக்கு வெள்ளையடிப்பதும், வாயிலில் கோலமிடுவதும், மாலை வாங்கி வைப்பதும் நாம் காணாததா? மாலையின் மணம் அல்ல, ஆர்டரின் அளவே அங்கு பேச்சு. அரண்மனை அதையே குதிரைவண்டி பூட்டிச் செய்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இந்த நாடகத்தில் நம்மைத் தொடும் காட்சி ஒன்று உண்டு. அதைக் காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1911 டிசம்பர் 12. தில்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் அமர்ந்திருக்கிறார். நம் நாட்டு மன்னர்கள் வரிசையாக வந்து வணங்குகிறார்கள். பரோடா மன்னர் சாயாஜிராவ் ஒரே ஒருமுறை தலை தாழ்த்திவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். எழுந்ததே கூச்சல்! பின்னாளில் அம்பேத்கரின் அமெரிக்கப் படிப்புக்குப் பொருளுதவி செய்தவர் இவர்தான். 1931-இல் அதே ஜார்ஜின் அரசு, திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியர் இராதாகிருஷ்ணனுக்கு 'சர்' பட்டம் அளித்தது. அடுத்த சனவரியில், நம் திருப்பூர்த் தெருவிலே, கொடியேந்திச் சென்ற குமரனின் மண்டையை அதே அரசின் போலீசார் உடைத்தனர். 1932 சனவரி 11-இல் உயிர் பிரிந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. ஒரு கை பட்டத்தை நீட்டியது. மறு கை தடியை ஓங்கியது. முடி ஒன்றுதான்!

1942 போராட்டத்தில் பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த வெங்கட்ராமன் சிறைப்பட்டார். அப்போது ஆண்டவர் ஆறாம் ஜார்ஜ்.

இனிக் காட்சி மாறுகிறது. 1963 சூனில் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இலண்டன் சென்றார்; வரவேற்றவர் ஐந்தாம் ஜார்ஜின் பேத்தி. 1990 ஏப்ரலில் வெங்கட்ராமன் சென்றார். தந்தையின் ஆட்சியில் கைதி; மகளின் அரண்மனையில் விருந்தினர்! அரண்மனையின் மனம் மாறியதால் வந்த வாழ்வா இது? இல்லை. அரசியார் பிறப்பால் அமர்ந்திருந்தார். அருகில் இருந்தவர் மக்கள் பிரதிநிதிகளின் வாக்கால் வந்திருந்தார். கைகட்டி நின்ற நாடு காலம் கனிந்து இணையாக அமர்ந்தது. அந்தக் காட்சியை நாம் மெய்யாகவே போற்றுகிறோம்.

போற்றிய வாயாலேயே ஒன்றைக் கேட்கவும் செய்வோம். 1963 பயணத்தின்போது இராதாகிருஷ்ணனுக்கு 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் விருதை அரசியார் அளித்தார். ஒரே காலத்தில் இருபத்து நால்வருக்கு மேல் உறுப்பினராக இல்லாத, அறிவுக்கும் கலைக்கும் உரிய விருது அது. வெளிநாட்டார்க்குக் கௌரவ முறையில் தரப்படுவது. தகுதியை மறுக்கவில்லை. ஆனால் விடுதலைக்குப் பின் 'சர்' பட்டத்தைப் பயன்படுத்தாமல் விட்டவர் அவர்! நம் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. பட்டம் வேறு, விருது வேறு என்று வழக்கறிஞர் வாதிடலாம்; நமக்கு மனம் ஒப்பவில்லை. ஆசிரியர் நாளாகச் செப்டம்பர் 5-இல் பள்ளியில் அவர் படத்துக்கு மாலையிடும்போது, 'சர்' பட்டத்தைத் துறந்த கதையைத்தான் மாணவர்க்குச் சொல்லத் தோன்றுகிறது.

நாடகத்தின் வசனத்தையும் பார்ப்போம். விருந்தில் இரு தலைவரும் பேசுவார்கள். நட்பு, வாணிகம், பொதுப் பண்பாடு எல்லாம் இடம்பெறும். பழைய காயம்? 1997-இல் அரசியார் நம் நாட்டுக்கு விருந்தினராக வந்தபோது, தில்லி விருந்தில் ஜாலியன்வாலா பாக் துயரத்தைக் குறிப்பிட்டார். வரலாற்றை மாற்றி எழுத இயலாது என்றார். உண்மைதான், இயலாது. மன்னிப்புக் கேட்க இயலுமே! அந்தச் சொல் வசனத்தில் இல்லை.

2022 முதல் மூன்றாம் சார்லஸ் அரியணையில் இருக்கிறார், விருந்துகளும் தொடர்கின்றன. நம் நாட்டுத் தலைவர் ஒருவர் மீண்டும் அங்கே அமரும் நாளில், அரசரின் உரையில் அந்தச் சொல் வந்ததா என்றே முதலில் தேடுவோம். தட்டு பொன்னா வெள்ளியா என்பதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.