வுட்ஸ்டாக் விளம்பரத்தாளில் பறவையும் சொல்லும்

1969 ஆகஸ்டுத் திங்கள் 15, 16, 17 ஆகிய நாள்களுக்கென அறிவிக்கப்பட்ட வுட்ஸ்டாக் இசைவிழாவிற்கு ஆர்னால்டு ஸ்கோல்னிக் அமைத்த விளம்பரத்தாளில் இருப்பது அமைதிப்புறா எனப் பலரும் கூறுவர். அக்கூற்று ஆராயத்தக்கது.

முன்னர் டேவிட் பேர்டு வரைந்த தாளில் கும்பராசியைக் குறிக்கும் குடமேந்திய பெண்ணுருவும் செறிந்த அணிவேலையும் இருந்தன. வால்கில் ஊர் இசைவு மறுத்தமையால் விழா பெத்தெலுக்குப் பெயர்ந்தது, தாளும் மாறிற்று. ஸ்கோல்னிக் நுண்கோடுகளைக் களைந்து, செந்நிறப் பரப்பில் கித்தாரின் கழுத்து, அதனைப் பற்றிய கை, மேலமர்ந்த வெண்பறவை என்னும் மூன்றையே வெட்டுத்தாள் உருக்களாக நிறுத்தினார்.

அவர் அக்காலத்தில் வரைந்து வந்தது கேட்பேர்டு என்னும் பறவையாகும். 'மூன்று நாள் அமைதியும் இசையும்' என்னும் தொடர் கைக்கு வந்தவுடன் அப்பறவையையே வெட்டியெடுத்ததாகவும், அது முதலிற் குழலின்மேல் இருந்ததாகவும் அவரே கூறியுள்ளார்.

ஆயின் மக்கள் கண்டது பிழையோ? அன்று. பலபொருள் ஒருசொல் சார்பினால் ஒருபொருளில் நிலைபெறுதல்போல, இப்பறவையும் 'அமைதி' என்னும் சொல்லின் சார்பினாற் புறாவாயிற்று. இனங்காட்டும் உறுப்புகளை ஓவியர் விரித்து வரைந்திருப்பின் இது நிகழ்ந்திராது. உருவின் சுருக்கமே சொல்லுக்கு இடந்தந்தது.

ஆதலின், விளம்பரத்தாளின் எழுத்தை விலக்கி ஓவியத்தை மட்டும் ஆராய்வார், அதன் பொருள் பிறக்கும் இடத்தையே இழப்பர் என்க.