தோன்றா எழுவாய்: தொலைத்தொடர்புச் சட்டமும் நம் தெருக் கேபிள்காரரும்

சட்டத்தை வக்கீல்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஊறிப்போன பழக்கம். ஒரு கவிதையில் பேசுவது யார், அமுக்கப்படும் குரல் யாருடையது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அன்றாடம் நம்மை ஆளும் பிரதிகளிடம் அதைக் கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தையும் அதன் முன்கதையையும் நான் தமிழ் இலக்கணம் படித்தவனாகவே வாசிக்க முயல்கிறேன். 'வந்தான்' என்றால் 'அவன்' சொல்லப்படாமலே நிற்கிறான். இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது. இந்தப் பிரதியில் வேலையெல்லாம் செய்துவிட்டுத் தோன்றாமல் நிற்பவர் சிறு இணையச் சேவையாளர்.

அவர் யார் என்பது கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். டிஷ் ஆண்டெனா வைத்துத் தொடங்கியவர், பிறகு செட்டாப் பாக்ஸ் கொடுத்தவர், இப்போது அதே கம்பங்களின் வழியே ஃபைபர் இழுக்கிறவர். மெட்ரோ வேலைக்குச் சாலையைத் தோண்டும்போது லைன் கட் ஆனால், 'நெட் போச்சுங்க' என்று ஜனங்கள் கூப்பிடுவது அவரைத்தான். ஒருசிலர் சொந்தமாகவே 'சி' பிரிவு உரிமம் வைத்திருக்கிறார்கள். பலர் உரிமம் பெற்ற ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் பங்குக்கு ஓட்டுகிறார்கள். பில்லில் கம்பெனி பெயர், ஏணியில் இவர்.

1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் நான்காம் பிரிவு தந்தி நடத்தும் தனியுரிமையை அரசுக்கே வைத்தது. காலனிய எஜமானின் அந்த வாக்கியத்தின் மேல்தான் சுதந்திர இந்தியாவின் உரிமங்கள் கட்டப்பட்டன. 1997இல் டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. அரசோடு அது முரண்பட்டபோது, 2000 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் முதல் ஆணையத்தைக் கலைத்து, தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தனித் தீர்ப்பாயத்துக்கு மாற்றியது. உரிமம் பற்றி ஆணையம் பரிந்துரைக்கலாம், கொடுப்பது அரசு. பரிந்துரையின் எடை என்ன? மாநில அரசுகள் கேபிள் விநியோகத்தில் இறங்கக்கூடாது என்று ஆணையம் 2012இல் பரிந்துரைத்தது. 2017இல் மத்திய அரசு நம்ம அரசு கேபிளுக்கே டிஜிட்டல் உரிமம் தந்தது.

1998இல் இணையச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது ஐந்தாண்டு உரிமக் கட்டணம் கிடையாது. பிறகு ஆண்டுக்கு ஒரு ரூபாய். 2013இன் ஒருங்கிணைந்த உரிமத்தில் அது வருவாயில் 8 சதவீதமாயிற்று. சின்னவனுக்கு வைத்திருந்த வாசல் இப்படித்தான் படிப்படியாகக் குறுகியது.

கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் இந்த மனிதரைப் பெயர் சொல்லி அழைத்தது. 2004இல் கேபிள் டிராயின் கீழ் வந்தது. 2019இல் அமலான விதிகள் 130 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பு வைத்து அவரை ஏறக்குறைய வசூல்காரராக்கின என்பது உண்மை. ஆனாலும் உடன்பாடு எட்டாதபோது கம்பெனிக்கு 55, அவருக்கு 45 என்று பங்கும் எழுதின. மாதிரி ஒப்பந்தமும் தந்தன. அதே ஆள், அதே கம்பம், அதே வீடு. கம்பியில் படம் ஓடினால் அவர் எழுவாய். இணையம் ஓடினால் இல்லை. அங்கே அவருக்கு மிஞ்சுவது கம்பெனி நீட்டும் தாளில் போடும் கையெழுத்து மட்டுமே.

2023 சட்டம் 'உரிமம்' என்ற சொல்லை விட்டு 'அங்கீகாரம்' என்கிறது. வெறும் சொல்மாற்றமா? உரிமம் என்பது அரசும் நிறுவனமும் கையெழுத்திடும் ஒப்பந்தம். ஒப்பந்தம் வேண்டாம், விதிகளின்படி அங்கீகாரம் வழங்கினால் போதும் என்று 2024இல் டிராயே பரிந்துரைத்தது. இருவர் பேசிய பிரதி ஒருவர் பேசும் பிரதியாகிறது. விதியை அரசு தானே திருத்திக்கொள்ளலாம். பெரிய கம்பெனி டெல்லியில் ஆள் வைத்துப் பேசிக்கொள்ளும். ஆணையத் தலைவர் பதவிக்கு முப்பது ஆண்டுத் தனியார் துறை அனுபவம் உள்ளவரும் வரலாம் என்றும் இதே சட்டம் திருத்தியது. அந்த அனுபவம் கீழ்க்கட்டளையில் ஏணி ஏறிச் சேர்த்ததாக இருக்குமா?

சிறியவர் என்பதாலேயே அவர் நல்லவர் என்று நான் வாதிடவில்லை. இன்னொருவன் கம்பியைத் தெருவுக்குள் விடாத கேபிள்காரரும், கட்சிக்கொடியின் நிழலில் ஏரியா பிடித்தவரும் நாம் அறிந்தவர்களே. அவருடைய ஏகபோகத்தை உடைக்கத்தான் ஒழுங்குமுறை வேண்டும். அதைப் பிடுங்கி இரண்டு மூன்று பெருநிறுவனங்களிடம் கொடுப்பதற்கல்ல. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டதை மறந்துவிடக்கூடாது. நிறுத்தும் அதிகாரத்தைப் புதிய சட்டமும் 20ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கம்பிகளெல்லாம் சில கைகளில் சேரச் சேர, அந்த ஆணைக்கு வேலை சுலபம்.

எனவே விதிகள் வரும்போதெல்லாம் கேட்கவேண்டியது இதுதான்: உரிமமில்லாமல் கம்பெனியின் கீழ் இணையம் கொடுக்கும் சிறு சேவையாளருக்கு விதியில் ஒரு பெயர், கேபிளில் இருப்பதுபோல் ஒரு குறைந்தபட்சப் பங்கு, ஒரு மாதிரி ஒப்பந்தம், தகராறு என்றால் ஏறக்கூடிய ஒரு படி. சொந்த உரிமம் உள்ள சின்னவருக்கு வருவாய்க்கேற்ற கட்டணம். தோன்றா எழுவாயை வினைமுற்று காட்டிக்கொடுக்கும் என்பது இலக்கணம். சட்டத்தில் அப்படி நடக்காது. எழுதச் சொல்லிக் கேட்டால்தான் எழுதுவார்கள்.