வீட்டுப் பெயரும் சர்டிபிகேட் பெயரும்

சபைகளில் கொஞ்ச காலமாகவே ஒரு புலம்பல் கேட்கிறது. பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோனது, பெற்றோர் விசுவாசத்தைக் கையளிக்கத் தவறிவிட்டார்கள். பிரசங்க மேடையிலிருந்து வரும் இந்தக் குற்றச்சாட்டில் ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குச் சாதி கிடையாது, கூலி கிடையாது, ஊர் கிடையாது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் கையளித்தல் பற்றிப் பேசுவது யாருக்கு வசதி என்பதே என் கேள்வி.

குடும்பத்தைக் கருத்தியல் அரசு எந்திரங்களில் ஒன்றாக வைத்தவர் அல்துஸ்ஸர். ஒரு காலத்தில் திருச்சபையும் குடும்பமும் ஜோடியாகச் செய்த வேலையை இப்போது பள்ளியும் குடும்பமும் செய்கின்றன என்று 1970இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார். அதே கட்டுரையில் பாஸ்கலைத் துணைக்கழைத்து இன்னொன்றும் சொல்கிறார். நம்பிக்கை வந்த பிறகு மனிதன் முழங்காலிடுவதில்லை. முழங்காலிட்டு உதட்டை அசைத்தால் நம்பிக்கை தானே வரும்.

ராமநாதபுரம் பக்கத்துச் சேரியில் எங்கள் வீட்டில் இது அப்படியே நடந்தது. ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அப்பத்தா பாயை விரிப்பாள். எழுத்து தெரியாது, சங்கீதங்களில் பாதி மனப்பாடம். “முட்டி போடுடா.” தூங்கி விழுந்தால் நடுமண்டையில் ஒரு கொட்டு. நான் படித்த இறையியல் அவ்வளவுதான். பகலெல்லாம் அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்தவள், அந்த அரைமணி நேரம் மட்டும் யாருக்கும் பயப்படாத குரலில் கடவுளிடம் வழக்குப் பேசினாள். எனக்கு விசுவாசம் என்று ஏதாவது வந்து சேர்ந்திருந்தால் அது அந்தக் குரல்தான்.

ஆனால் அல்துஸ்ஸரின் சட்டகம் இதற்கு மேல் எங்கள் வீட்டுக்குள் நுழையாது. அவர் சொல்லும் எந்திரங்கள் முரண்பட்டாலும் கடைசியில் ஒரே பக்கம் இழுப்பவை. எங்களுக்கோ கோயில் ஒரு பெயர் வைத்தது, பள்ளிக்கூடம் வேறு பெயர் கேட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்று, மதம் என்ற இடத்தில் ‘இந்து’. சேர்க்கப் போன அன்று அப்பா வழியில் நிறுத்திச் சொன்னார்: “ஞாயித்துக்கெழம எங்க போனேன்னு வாத்தியார் கேட்டா கோயிலுக்குன்னு சொல்லு. எந்தக் கோயில்னு சொல்லாத.” ஐந்து வயதில் எனக்குக் கையளிக்கப்பட்ட இரண்டாவது பாடம் இது. முதல் பாடம் கடவுளுக்கு முன் பொய் சொல்லாதே என்பது.

இந்தப் பொய்யை அப்பா கண்டுபிடிக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவரை அட்டவணைக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறிய தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். சேரி மட்டும் சேரியாகவே இருக்கிறது. மதத்தையும் அட்டவணைத் தகுதியையும் பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில், தான் இந்து என்று சொல்லி அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் மனுவை உச்சநீதிமன்றம் தள்ளியது. அவருக்கு எதிராக நின்ற சான்றுகளில் ஒன்று, கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற ஞானஸ்நானம். சபை கையளிக்கச் சொல்கிறது. கையளித்ததற்கான ரசீதை அரசு எடுத்து வைத்துக்கொள்கிறது.

இனி மறுபக்கம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குடும்பம் அவர் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறது. கையளித்தலுக்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்க் கிறித்தவத்தில் குறைவு. அவர் பாட்டுகள் எங்கள் சேரிக் கோயிலிலும் கேட்டவைதான். அப்பத்தா உருகிப் பாடுவாள். அதே சாஸ்திரியார், எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்ற மிஷனரிகளை எதிர்த்து வாதாடியவர். சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது தஞ்சையில் வெள்ளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டே விலகினார்கள். விசுவாசமும் சாதியும் ஒரே பெட்டியில் வைத்து அடுத்த தலைமுறைக்கு அனுப்பப்பட்டன. இன்றும் மணமகள் தேவை விளம்பரங்களில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயர் கூசாமல் நிற்கிறது. கையளித்தல் எங்கே தோற்றது என்று தேடுகிறவர்கள், அது அளவுக்குமேல் வெற்றிபெற்ற இந்த வீடுகளைப் பார்ப்பதில்லை. இவர்கள் யாரும் பிள்ளைக்கு இரண்டு பெயர் வைக்க வேண்டியிருந்ததில்லை.

பாமாவின் ‘கருக்கு’ (1992) வந்தபோது, அதைத் திருச்சபைமீதான குற்றப்பத்திரிகையாக மட்டுமே நாம் படித்தோம். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தவர் கடவுளையும் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை என்பதைத் தாண்டிப் போய்விட்டோம். அடங்கி நடக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் மறைத்த, நியாயத்தின் பக்கம் நின்ற இயேசுவை அவர் திருப்பிக் கேட்கிறார். நிறுவனம் கையளித்ததும் சனங்கள் பெற்றுக்கொண்டதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைப் பார்க்க நம் முற்போக்கு விமர்சனத்துக்குக் கண் இல்லை.

எனக்கும் இல்லை. இயக்க நாட்களில் அப்பத்தாவின் பாயை அபின் என்று ஒரே வார்த்தையில் சுருட்டி வைத்தேன். மகள் பிறந்தபோது ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கொள்கை என்று தோழர்களிடம் சொன்னேன். சர்டிபிகேட் பயமும் அதில் இருந்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன். எது கூடுதல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

கல்லறைத் திருநாளன்று மகளும் கூட வந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கல்லைப் படித்தவள் கேட்டாள்: “ரேஷன் கார்டுல பாட்டிக்கு வேற பேருல்லப்பா?”

“ரெண்டும் அவ பேருதான்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் ஒண்ணு?”

வீடு வரும்வரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையை அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.