6000 வோல்ட்டும் ஒரு மல்டிமீட்டரும்

காவேரிப்பட்டினத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பழுது பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். பெங்களூரில் உள்ள இசைப்பிரியர் ஒருவரின் நிலைமின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய மின்வழங்கி அது. "செத்துப்போச்சு சார். 6000 வோல்ட் வரவேண்டிய இடத்துல 400தான் காட்டுது" என்றார். வேறொரு பணிமனையில் ஏற்கெனவே இரண்டு டயோடுகளை மாற்றிப் பார்த்திருந்தார்களாம்.

மாணவரின் கைத்திறனில் எனக்கு ஐயம் இல்லை. அளந்த முறையில்தான் ஐயம். அந்த முறையைக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே இக்கட்டுரையில் வரும் குறைகூறலில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் கருவியைப் பார்ப்போம். இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் வாக்கர் வடிவமைத்து 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி இவ்வகையில் புகழ்பெற்றது. இதில் காந்தமும் இல்லை, கம்பிச்சுருளும் இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தகடுகளுக்கு இசையின் மின்னழுத்தம் செல்லும். படலம் நிலையான உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். குவாட்டின் தாழ்சுரப் பகுதிக்கு 6000 வோல்ட். உச்சசுரப் பகுதிக்கு 1500 வோல்ட்.

இந்த 6000 வோல்ட்டைத் தருவது டயோடுகளும் மின்தேக்கிகளும் படிப்படியாக அடுக்கிய மின்னழுத்தப் பெருக்கி. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளக்கப் பயன்படுத்திய சுற்றும் இதே குடும்பம்தான். இன்று கொசு அடிக்கும் மட்டையில் இதன் குட்டி வடிவம் இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் இரும்புப் பாகங்களுக்குத் தூள்வண்ணம் பூசும் துப்பாக்கிக்குள்ளும் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், நான்கு படிகள், ஒவ்வொரு மின்தேக்கியும் 0.01 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். இப்பெருக்கியின் அக மின்தடை ஏறத்தாழ 100 மெகஓம் வரும். படிகளை எட்டாக்கினால் அது இருமடங்காவதில்லை. 740 மெகஓமுக்கு மேல் போய்விடும். படிகளின் மும்மடியை ஒட்டி வளரும் கணக்கு அது.

இனி மல்டிமீட்டர். கடைகளில் கிடைக்கும் எண்காட்டி மீட்டரின் மின்தடை பொதுவாக 10 மெகஓம். பழுதே இல்லாத 6000 வோல்ட் பெருக்கியின் முனையில் இதை வைத்தால் என்ன காட்டும்? 6000 ஐ 10 ஆல் பெருக்கி 110 ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 545 வோல்ட்! மீதி எல்லாம் பெருக்கிக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. தான் தொட்டவுடன் அங்கே எஞ்சியதைச் சொல்கிறது. 1000 மெகஓம் உடைய உயர்மின்னழுத்த அளவுகோலை வைத்தால் 5450 வோல்ட் கிடைக்கும்.

இந்த எளிய வகுத்தல் ஏன் ஒரு நல்ல மாணவருக்குத் தோன்றவில்லை? நம் மேனிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் நூலின் நிலைமின்னியல் இயல் வான் டி கிராஃப் மின்னியற்றியையும் அதன் கோடி வோல்ட்டையும் சொல்லிவிட்டு முடிகிறது. அக மின்தடை அடுத்த இயலில், மின்கலத்தோடு, சில ஓம்களாக வருகிறது. இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. கோடி வோல்ட்டை எதைக் கொண்டு அளப்பது என்று எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்கத் தூண்டியதில்லை.

அக மின்தடை குறைந்த மூலமே சிறந்தது என்ற எண்ணமும் அந்த இரண்டாவது இயலிலிருந்து மனத்தில் படிந்துவிடுகிறது. இந்த ஒலிபெருக்கியில் நிலைமை நேர்மாறு. படலம் அதிரும்போது அதிலுள்ள மின்னூட்டம் மாறாதிருக்க வேண்டும். அப்போதுதான் விசை படலம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறாது, ஒலி திரியாது. அதற்காகவே படலத்துக்குச் செல்லும் வழியில் பெரிய மின்தடை வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. "பவர் பத்தவில்லை" என்று அதைக் குறைத்தால் இசை கெடும். தீப்பொறி பாய்ந்தால் படலத்தில் ஓட்டை விழும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். அளவுகோல் 4000 வோல்ட் காட்டியது. ஆக, குறை இருந்தது உண்மை. ஆனால் அது வெளியிலிருந்து வந்த குறை! முந்தைய பணிமனையில் போட்டிருந்தவை 1000 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் ஒன் என் 4007 டயோடுகள். இத்தகைய பெருக்கியில் ஒவ்வொரு டயோடும் உச்ச மின்னழுத்தத்தின் இருமடங்கைத் தாங்க வேண்டும். மின்மாற்றி 600 வோல்ட் தந்தால் அது சுமார் 1700 வோல்ட். தவறான அளவீட்டை நம்பி, நல்ல உறுப்புகளை எடுத்துவிட்டுத் தகுதியற்றவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள். தகுந்த டயோடுகளை வைத்ததும் 5400ஐத் தாண்டியது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே 6000 வோல்ட்டைவிட மின்மாற்றியின் 600 வோல்ட்டே ஆளைக் கொல்லக்கூடியது; அதன் பின்னால் 100 மெகஓம் இல்லை. மின்தேக்கிகளை வெறும் திருப்புளியால் குறுக்கிடாமல், தகுந்த மின்தடை வழியாகவே வடிக்க வேண்டும். தனியாக இருந்து இவ்வேலையில் இறங்காதீர்கள்.

பெட்டியைப் பொருத்திய பின் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். ஓர் ஒலிபெருக்கியில் 5000 நிற்கிறது, மற்றதில் 3000தான் என்றார். இரண்டு மின்வழங்கிகளையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். அரைமணி கழித்து மறுபடி அழைத்தார். 3000 அதே ஒலிபெருக்கியிலேயே நின்றதாம். படலத்தின் ஓரங்களில் பல ஆண்டுத் தூசி, அதன்மேல் மழைக்கால ஈரம், கசிவு அங்கே.