நடுவில் நிற்கும் முள்

தண்டையார்பேட்டையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காரில் தைரியம் தருவது மீட்டரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் அந்தச் சின்ன முள்தான். வண்டி ஓடினால் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நின்றுவிட்டால் முழுப் பாரமும் ஃபேன் தலையில். அப்போதும் முள் நடுவிலேயே நிற்பது அழகுதான். ஆனால் அந்த அசையாமை ஓரளவு செய்துவைத்தது. பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டி 100 டிகிரியை நெருங்கும்வரை முள் நகராதபடி அமைத்திருக்கிறார்கள். முள் சொல்வது பாதி. மீதியைச் சொல்வது பானெட்டுக்குள் கூலன்ட் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா.

சூடு ஏறினால் சிவப்பு விளக்கு எரியுமே என்பார்கள். எரியும், சென்சார் கூலன்டில் நனைந்திருக்கும்வரை. ஹோஸ் விட்டுப்போய் எல்லாம் ஒழுகிவிட்டால், வெறும் ஆவியில் நிற்கும் சென்சார் குறைத்துக் காட்டக்கூடும். எஞ்சின் ஆறியபின் டப்பாவின் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே பச்சையோ இளஞ்சிவப்போ திரவம் தெரிகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். குறைந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாதா? அவசரத்துக்கு ஊற்றலாம், வழக்கமாக்கக் கூடாது. இந்தக் கடலோரத்து போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், துருவும் ஏறும். சூட்டில் மட்டும் மூடியைத் தொடவே கூடாது: அழுத்தத்தால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணமே பொங்கி முகத்தில் பாயும்.